குவார்ட்டரும் டபுள் பேரலும்

ஒருவரைத் துப்பாக்கியோடு கடை வாசலில் உட்கார வைத்துவிட்டு, அது வெடித்துத் தொலைக்கக் கூடாதே என்று நாளெல்லாம் வேண்டிக்கொள்வதுதான் எங்கள் தொழில். திருவண்ணாமலையில் நகைக்கடைகளுக்கும், பணம் ஏற்றிப் போகும் வேன்களுக்கும் கன்மேன் அனுப்பும் சின்ன ஏஜென்சி ஒன்றில் நான் சூப்பர்வைசர். எங்கள் கன்மேன்களில் முக்கால்வாசிப் பேர் ராணுவத்திலிருந்து ரிட்டையர் ஆனவர்கள். துப்பாக்கி அவர்களுடையது, லைசென்ஸும் அவர்கள் பெயரில். மாதாமாதம் மிலிட்டரி கேன்டீனில் சரக்கும் கிடைக்கும். இந்த இரண்டும் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொள்ள ஸ்கூட்டியில் ஊரைச் சுற்றுகிறவள் நான். நாலு ஆட்களை வைத்து வேலை வாங்கி வயிற்றில் நெருப்போடு இருப்பவர்களே, உங்களுக்குத்தான் இதெல்லாம் புரியும்.

தாடைக்கு முட்டு

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கிரிவலம் முடித்த கூட்டம் இன்னும் கலையவில்லை. ஒரு நகைக்கடை வாசலில் எங்கள் கன்மேன் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். தூங்கட்டும், அதை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஆனால் துப்பாக்கியை இரண்டு முழங்காலுக்கும் நடுவே நிமிர்த்தி வைத்து, அதன் வாய் மேல் தாடையை முட்டுக் கொடுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை விசைக்குப் பக்கத்தில் தொங்கியது.

தட்டி எழுப்பப் பயம். திடுக்கிட்டு எழுந்தால் என்ன ஆகும்? கடைக்காரர் பின்னால் வந்து அவர் நெற்றியைப் பிடித்து மெல்லப் பின்னுக்குச் சாய்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குழலைப் பக்கவாட்டில் நகர்த்தி வெளியே எடுத்தேன். மடக்கிப் பார்த்தால் இரண்டு குழலிலும் தோட்டா. குப்பென்று வாடை வேறு. அவர் நிதானமாகக் கண் விழித்து, என் மூக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “குடிச்சது நேத்து மேடம். இன்னிக்கு வாசனை மட்டுந்தான் பாக்கி.”

வானத்தைப் பார்த்து

இன்னொருவர், தன் அக்கா மகன் கல்யாண வரவேற்புக்குத் துப்பாக்கியோடு போய்விட்டார். வேங்கிக்கால் பக்கம் ஒரு மண்டபம். சாயங்காலம், மாப்பிள்ளை ஊர்வலம். மண்டபத்துக்குப் பின்னால் காரில் வைத்துச் சொந்தக்காரர்கள் ஊற்றிக் கொடுக்க, இவரும் ஊற்றிக்கொண்டிருக்கிறார். “மாமா, ஒரே ஒரு வெடி, மாப்பிள்ளைக்கு மரியாதையா!” என்று யாரோ உசுப்பிவிட்டார்கள். மாமா மேலே தூக்கிச் சுட்டுவிட்டார். எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள்.

கை தட்டல் அடங்குவதற்குள் பக்கத்து வீட்டு மாடியிலிருந்து அலறல். காயப்போட்ட துணியை எடுக்க வந்த ஒரு அம்மாவின் தோளில் ரவை உரசிக்கொண்டு போயிருந்தது. கொஞ்சம் உள்ளே தள்ளிப் பட்டிருந்தால் கழுத்து. நான் போய்ச் சேர்ந்தபோது போலீஸ் ஜீப் நின்றது. கன்மேன், மணமக்களுக்குப் போட்ட சிவப்புக் கம்பளத்தின் மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேஸ் ஆனது, லைசென்ஸ் போனது, வேலையும் போனது. அன்றைக்கு இன்ஸ்பெக்டரிடம், “தப்பா எதுவும் பண்ணல சார், வானத்தப் பாத்துதான் சுட்டேன்” என்று அழுதார். தோளில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அந்த அம்மா நின்று திரும்பிக் கேட்டார்: “எங்க வீட்டு மாடி இன்னா வானமாய்யா?”

போட்டோவுக்காக

செங்கம் ரோட்டில் ஒரு கெஸ்ட் ஹவுஸ்காரர் தன் பிறந்தநாள் விருந்துக்குக் கன்மேன் கேட்டார். யாராவது மிரட்டல் விட்டார்களா என்று விசாரித்தேன். “அதெல்லாம் இல்லீங்க, ஒரு கெத்துக்கு” என்றார். நான் வேண்டாம் என்றேன். என் முதலாளி சரி என்றுவிட்டார். மனசு கேட்காமல் மதியம் நானே எட்டிப் பார்த்தேன்.

தோட்டத்தில் பாட்டில்கள் திறந்திருந்தன. துப்பாக்கி எங்கள் ஆள் கையில் இல்லை. லைசென்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கையை விட்டு அது வேறு கைக்குப் போனாலே குற்றம். இங்கேயோ கை மாறிக் கை மாறிப் போய், ஒரு கண்ணாடிக்காரர் தன் நண்பரின் நெற்றியில் அதை வைத்துக்கொண்டிருந்தார். நண்பர் கும்பிட்டுக் கெஞ்சுவதுபோல் பாவனை. மூன்றாவது ஆள் செல்போனில் படம் எடுக்கிறார். “லோடு இல்ல மேடம், நானே எடுத்துட்டேன்” என்றார் எங்கள் கன்மேன். அவர் நாக்கும் குழறியது.

நான் கத்திய கத்தலில் துப்பாக்கியைக் கீழே இறக்கினார்கள். வாங்கி மடக்கினேன். ஒரு குழல் காலி. இன்னொன்றில் தோட்டா பளபளவென்று இருந்தது. கும்பிட்ட நண்பர் புல்லில் அப்படியே உட்கார்ந்து வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார்: “விசையில வெரல வைடான்னு சொன்னதே நான்தாங்க, போட்டோ நல்லா வரும்னு.”

நிம்மதி

இவர் ஹவில்தார். பணம் ஏற்றும் வேனில் போகிறவர். எங்களிடம் இருந்தவர்களிலேயே ஒழுங்கானவர். டூட்டியில் ஒரு சொட்டு தொட மாட்டார். மற்றவர்களுக்கு நான் உதாரணமாகச் சொன்ன பெயரே அவர் பெயர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவருக்கு லீவு. வீட்டில் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு துப்பாக்கியைத் துடைக்க உட்கார்ந்திருக்கிறார். துடைப்பதற்கு முன் தோட்டாவை எடுப்பது அவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அன்றைக்கு எடுத்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அவர் மனைவி குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்திருக்கிறார். வெடித்துவிட்டது.

அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அந்த அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே கட்டு. நடப்பார், ஆனால் பழையபடி நடக்க மாட்டார் என்றார் டாக்டர். ஹவில்தார் கட்டிலையொட்டித் தரையில் உட்கார்ந்து, மனைவியின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாக்குமூலம் எழுத வந்த போலீஸ்காரரிடம் அந்த அம்மா, “நான்தான் இடிச்சுட்டேன், கீழ வுழுந்து வெடிச்சிடுச்சி” என்றார். “பொய் சொல்லாத, நான்தான் குடிச்சிட்டு சுட்டேன், எழுதிக்குங்க சார்” என்றார் இவர், தலை நிமிராமல்.

அவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போன பிறகு நான் கட்டிலோரம் உட்கார்ந்தேன். அந்த அம்மாதான் பேசினார். “அவுரு பார்டர்ல இருந்தப்ப எப்ப தந்தி வருமோன்னு பயந்துனே இருந்தேன் மேடம். ரிட்டையராயி வூட்டுக்கு வந்தாரு, இனிமே நிம்மதின்னு நெனச்சேன்.”

ஊதுங்க

அதற்குப் பிறகு முதலாளியோடு சண்டை போட்டு, ஊதிப் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்க வைத்தேன். ஹவில்தார் இடத்துக்கு வேலை கேட்டு முதலில் வந்தவருக்கு மடிப்புக் கலையாத சட்டை, முறுக்கிய மீசை, விறைப்பான சல்யூட். பேச்சிலும் குறை இல்லை. “கடைசியா இதுல ஒரு ஊது ஊதுங்க” என்றேன். ஊதினார். மெஷின் வீறிட்டது. காலை டீகூட எனக்கு இன்னும் வரவில்லை.

மனிதர் முகத்தில் உண்மையான வருத்தம். “இன்டர்வியூன்னா பதட்டமா இருக்கும்னுதான் மேடம் கொஞ்சமா போட்டேன். துப்பாக்கி கையில இருந்தா எனக்குப் பதட்டமே வராது.”

இத்தனை வருஷத்தில் திருடர்களால் மட்டும் எங்கள் ஏஜென்சிக்கு ஒரு தொந்தரவும் வந்ததில்லை என்பதை நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன்.