மூலைவீட்டுப் பனிமனிதன்

2001 டிசம்பர். நியூ ஜெர்சியில் ஒரு சிறிய டவுன்ஷிப்பில், வீடு, மனை விதிகளைக் கவனிக்கும் ஜோனிங் ஆபீஸில் நான் இன்ஸ்பெக்டராகச் சேர்ந்த முதல் வாரம். ஒரு மூலைவீட்டு முன்புறத்தில் பனிமனிதன் பொம்மை நிற்பதாகப் புகார். ஆளைப்போல இரண்டு மடங்கு உயரம், துணி உடம்பு. உள்ளே ஃபேன் ஓடும்வரை விறைப்பாக நிற்கும். அப்போதுதான் கடைக்கு வந்திருந்த புதுச் சரக்கு.

"வேலிக்கும் செடிக்கும் ரூல் இருக்கு. பலூனுக்கு இல்ல. நீயே போய்ப் பார்த்து முடிவு பண்ணு" என்று சிரித்தார் என் பாஸ் ஃபிராங்க்.

நானே முடிவு செய்யும் முதல் கேஸ்! கால் தரையில் பாவவில்லை.

கதவைத் திறந்தவர் ஸ்டெல்லா, தூத்துக்குடிக்காரர், நர்ஸ். தமிழ் முகத்தைப் பார்த்ததும் காபி போடக் கிளம்பிவிட்டார். வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறியது.

"எதிர்வீட்டு பாப்தானே கம்ப்ளெயின்ட் பண்ணாரு? நாம வெளியூர்க்காரங்கன்னு ஒரு இளக்காரம். செப்டம்பர்ல நியூயார்க் டவர் விழுந்ததுல இருந்து இந்தத் தெருவே செத்துக் கெடக்குங்க. பிள்ளைங்க சிரிக்கட்டுமேன்னு வச்சேன். நீங்களே எடுக்கச் சொல்லலாமா?"

இரண்டு தெருக்கள் சேரும் மூலையில் சைட் ட்ரையாங்கிள் என்றொரு முக்கோண இடம் உண்டு. வண்டி ஓட்டுபவர் பார்வையை மறைக்கும் எதுவும் அங்கே இருக்கக் கூடாது, பனிமனிதன் நிற்பது அங்கேதான் என்று விளக்கினேன். அவர் காதில் ஏறவில்லை.

"ஒரு நிமிஷம் என்கூட வாங்க" என்று அழைத்துப்போய், ஸ்டாப் சைன் அருகே நின்ற என் காரின் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன்.

"இடது பக்கம் யாராவது வர்றாங்களா?"

"யாரும் இல்லீங்க."

சொல்லி வாய் மூடவில்லை. பனிமனிதனின் தொப்பைக்குப் பின்னாலிருந்து ஒரு சிறுமி சைக்கிளில் வந்து, எங்கள் பம்பரை உரசுவதுபோல் கடந்து போனாள்.

"மாதாவே!" என்று அலறினார் ஸ்டெல்லா. கதவைத் திறந்துகொண்டு ஓடி, பிளக்கைப் பிடுங்கினார். பனிமனிதன் மடங்கிச் சரிந்தான்.

ஜன்னலில் அவர் பையன் கத்தினான்: "மம்மி, யூ கில்ட் ஹிம்!"

அதைக் கேட்டு எதிர்வீட்டிலிருந்து பாப் ஓடி வந்தார். கையில் சுத்தியல், டென்ட் முளைகள். ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர்.

"எனக்கு இவனைப் பிடிக்கும்மா. இந்த இடம்தான் பயம்" என்றார்.

மூவரும் அவனை வாசற்படிப் பக்கம் இழுத்துப்போய் மறுபடி ஃபேனைப் போட்டோம். பாதி ஊதியதும் காற்று ஒரு தூக்குத் தூக்கியது. நான் காலைப் பிடிக்க, ஸ்டெல்லா இடுப்பைக் கட்டிக்கொள்ள, பாப் முளை அடித்தார். பனிமனிதன் நிமிர்ந்ததும் பிள்ளைகள் வெளியே வந்து குதித்தார்கள். நானும் குதித்தேன், ஆபீஸ் பேட்ஜோடு.

பிறகு டவுன்ஷிப் கூட்டத்தில் காற்றடைத்த அலங்காரங்களையும் ரூலில் சேர்க்கும் பேச்சு வந்தது. "பண்டிகைக்குமா சட்டம்?" என்று ஒருவர் சீறினார். ஸ்டெல்லா எழுந்தார். "சார், ஒரு தடவை என் வீட்டு மூலைக்கு வந்து காருக்குள்ள உட்கார்ந்து பாருங்க. அப்புறம் பேசலாம்."

புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ரூலை வாசித்துக் காட்டாதீர்கள். அது எதற்காக வந்ததோ, அந்த இடத்தில் ஆளைக் கொண்டுபோய் உட்கார வையுங்கள்.