எப்போதும் பச்சை

என் நாத்தனார் ஆஸ்பத்திரியில் இருபது வருஷமாக நர்ஸ். வீட்டில் உப்புப் போட்டாயிற்றா என்று நாலு தடவை கேட்பாள். வார்டில் அந்தப் பொறுமை கிடையாது.

நோயாளியின் கையில் கட்டிய அடையாளப் பட்டையை ஸ்கேன் செய்தால்தான் ஊசி போடலாம். மருந்து அந்த ஆளுக்கு எழுதியதுதான் என்றால் கம்ப்யூட்டர் பச்சை காட்டும். ஆள் மாறினால் சிவப்பு. ஒவ்வொரு கையாகப் பிடிக்கச் சோம்பல்பட்டு, எல்லாப் பட்டைக்கும் நகல் எடுத்து மருந்து வண்டியில் கட்டில் வரிசைப்படி ஒட்டியிருந்தாள். அங்கேயே ஸ்கேன் செய்வாள். எப்போதும் பச்சை. தப்பே செய்யாதவள் என்று பரிசும் கொடுத்தார்கள்.

ஒரு நாள் காலை ஒன்பதாம் கட்டில்காரரை வேறு வார்டுக்கு அனுப்பிவிட்டு, அங்கே ஒரு தையல்காரரைப் படுக்க வைத்திருந்தார்கள். வண்டியில் இருந்தது பழைய ஆளின் பட்டை.

"சிஸ்டர், எனக்கு ஊசி எதுவும் எழுதலையே? சில மருந்து எனக்கு ஆகாது."

"கம்ப்யூட்டரே பச்சை காட்டுது. அதைவிட நீங்க பெரிய டாக்டரா? கையை நீட்டுங்க."

பத்து நிமிஷத்தில் மூச்சுத் திணறிச் செத்துப்போனார்.

விசாரணையில் அதிகாரி கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து, தையல்காரரின் மனைவியிடம் சொன்னார்: "உங்க வீட்டுக்காரருக்கு ஊசியே போடலைம்மா. பதிவு அப்படித்தான் சொல்லுது."

"அப்ப கையில ஊசி குத்தின அடையாளம் எப்படி வந்துச்சு?"

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள்.

"ரத்தம் எடுத்ததா இருக்கும்" என்றாள்.

இதையெல்லாம் என்னிடம் அவளே சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டு கேட்டாள்: "உப்புப் போட்டீங்களா அண்ணி?"