சிதறிய புள்ளி

தொண்ணூறுகளில் இத்தாலியில், வியா மக்வேதா தெருவில் ஒரு வேட்டைத் துப்பாக்கிக் கடையைக் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தேன். தன் முதலாளியுடன் அங்கே வரும் மன்னார்க்கார டிரைவர், எதைப் பார்க்கும் முன்பும் கைலேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

ஒருநாள் அந்த முதலாளி, "இவனுக்குக் கூர்மையான கண்" என்று, துப்பாக்கியில் பூட்டிக் குறிபார்க்கும் ரெட் டொட் கண்ணாடியை அவரையே தெரிவுசெய்யச் சொன்னார். அவர் மூன்றை எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"தம்பி, எல்லாத்திலையும் சிவப்புப் புள்ளி சிதறித்தான் தெரியுது. கண் பிழையெண்டு அறிஞ்சா வேலையால நிப்பாட்டிப் போடுவார், வேலையில்லாட்டி இஞ்ச தங்கிற பெர்மெஸ்ஸோவும் புதுப்பிக்கேலாது. எது நல்லதெண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லும்."

"எனக்கேன் அண்ணை வில்லங்கம்?" என்று நான் கூட்டப் போய்விட்டேன்.

அவர் குத்துமதிப்பாக எடுத்துக் கொடுத்தது, வெடிப்பு விழுந்த கண்ணாடி. முதலாளி அதைப் பார்த்தார். கார்ச் சாவிக்குக் கை நீட்டினார்.

சாவியைக் கொடுக்கும் முன் அவர் கண்ணைத் துடைத்தார். அது பழக்கமா, அழுகையா என்று கேட்க எனக்கு முகமில்லை.