வாய்விட்டுப் படிக்கிறவள்

"கரும்பு விவசாயிகளின் கனிவான கவனத்திற்கு" என்று, பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தைப் படித்துக்கொண்டே செவ்வந்தி கடைக்குள் வருகிறாள். எண்ணெய் ஊறிய இடத்தில் குரல் நிற்கிறது. காகிதத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிக்கிறாள். "வெட்டும் நாள்... அப்பால இன்னா போட்டுக்கீதுன்னு தெரியலக்கா. பஜ்ஜி தின்னுடுச்சு."

கண்ணில் படுகிற எழுத்து எதுவும் அவள் உதட்டைத் தொடாமல் உள்ளே போவதில்லை. பஸ் பலகை, தீப்பெட்டி, ஜவுளிக்கடைப் பை, நாள்காட்டியின் ராசிபலன், தைக்க வந்த சட்டையின் காலருக்குள் ஒட்டியிருக்கிற துண்டுச் சீட்டு வரைக்கும் எல்லாம் முணுமுணுப்பாக வெளியே வந்துதான் அவளுக்குப் புரிகிறது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுக்க மாட்டாள். என் கடை வாசலில் 'இங்கு சாறி ஓரம் அடிக்கப்படும்' என்று பல வருஷமாகத் தொங்கிய பலகையை, வந்த முதல் வாரமே பேனாவால் திருத்தியவள் அவள்தான்.

வெள்ளிமலைக்கும் மேலே உள்ள ஒரு சிற்றூர் அவளுடையது. அப்பா பச்சமுத்து மரவள்ளியும் சாமையும் போடுகிறார். அவள் கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் கடைசி வருஷம். கொரோனாவில் கல்லூரி போனுக்குள் போனபோது மலையில் டவர் கிடைக்கவில்லை. அடிவாரத்துக்கு, எங்கள் கச்சிராயபாளையத்துக்கு இறங்கி வந்து, போனைத் தூக்கிப் பிடித்தபடி தெருத் தெருவாக நடந்திருக்கிறாள். என் தையல் கடை வாசலில் டவர் முழுசாகக் காட்டியது. "இங்க உக்காந்துக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். நான் பதில் யோசிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள்.

நான் பொத்தானை உதட்டில் கவ்விக்கொண்டு தைப்பவள். பேசாமல் இருக்க அது வசதி. அவள் வந்த பிறகு அந்த வசதியும் தேவைப்படவில்லை. "அக்கா வாயில பொத்தான் கீது, நான் சொல்றேன். உங்க ஜாக்கெட்டு நாளைக்குத்தான். அவசரம்னா கையில்லாம எடுத்துக்கினு போங்க" என்று வருகிறவர்களிடம் அவளே பேசி அனுப்பிவிடுகிறாள். குளிர் நாளில் அப்பாவின் சட்டையைச் சுடிதாருக்கு மேல் போட்டுக்கொண்டு, கையை மடித்துவிட்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் கடை அவளுடையது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள்.

மார்கழியில் கீழே ஊர்க்காரர்கள் தங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டு மறியல் செய்தபோது மலை பஸ் நின்றுபோனது. அந்த நாட்களில் என் வீட்டிலேயே தங்கினாள். சுவரொட்டி ஒன்று விடாமல், ஒட்டினவர்கள் எதிரிலேயே நின்று படித்தாள். "இன்னாம்மா, எங்களுக்கு மைக்கு வேலை பாக்கறியா?" என்றார் பசை வாளி வைத்திருந்தவர். "கேக்கறத கேளுங்கண்ணா. பஸ்ஸை மட்டும் வுட்டுட்டுக் கேளுங்க. நான் வூட்டுக்குப் போவணும்" என்றாள். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மாசியில் பருவத் தேர்வு, போனிலேயே நடந்தது. எழுதுகிற பிள்ளையின் முகத்தைக் கேமரா பார்க்கும், சத்தத்தை மைக் கேட்கும். ஆள் மாறினாலோ பேச்சு கேட்டாலோ இயந்திரமே சிவப்புக் குறி போட்டுவிடும். செவ்வந்தி என் அளவு நாடாவால் போனைத் தையல் மெஷினோடு கட்டி நிறுத்தினாள். நான் அந்த நேரம் மெஷினை மிதிக்காமல், ஓரமாக உட்கார்ந்து ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் கேள்வியைப் படித்தாள், எழுதினாள். எப்படிப் படிப்பாளோ அப்படித்தான் படித்தாள். இரண்டு பேருக்குமே அது உறைக்கவில்லை.

முடிவு வந்தபோது ஒரு தாளில் மார்க் இல்லை. 'முறைகேடு. மற்றொருவரின் குரல். விசாரணைக்கு உட்பட்டது' என்று இருந்தது. அதையும் முணுமுணுத்துத்தான் படித்தாள். கல்லூரிக்கு வந்து ஆள் எடுத்த சென்னைக் கம்பெனி ஒன்று அவளுக்கு வேலை உறுதி சொல்லியிருந்தது. எல்லாத் தாளும் தேறினால்தான் அந்த வேலை. அன்று வாங்கிவந்த பஜ்ஜியை அவள் பிரிக்கவே இல்லை.

இட ஒதுக்கீட்டுச் சண்டை அவர்கள் வகுப்பு வாட்ஸப் குழுவில் மார்கழியிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தது. செவ்வந்தி பழங்குடியினர் ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். மணலூர்பேட்டை தீனதயாளன் என்கிற பையனின் அண்ணன்மார் மறியலில் நின்றவர்கள். சேதி தெரிந்ததும் அவன் போட்டான்: 'மலை கொட்டால வந்தவ காப்பி அடிச்சி மாட்டிக்கினா.' கோட்டா என்று போட வந்தவன் விரல் தவறிக் கொட்டா என்று போட்டுவிட்டான். இந்தப் பக்கம் கொட்டா என்றால் கூரைக் கொட்டகை.

அவள் குரல் செய்தி அனுப்பினாள். முதலில் அவன் எழுதியதை ஓர் எழுத்து மாறாமல் நிதானமாகப் படித்தாள். பிறகு, "ஆமாண்டா தீனா. மலையில எங்க வூடு கொட்டாதான். மாட்டுக்குத் தனியா ஒரு கொட்டா கீது. நீ வந்தா தங்கிக்கலாம். ஆனா நான் காப்பி அடிக்கல. அத மட்டும் திருத்திப் போடு" என்றாள். அன்றிலிருந்து அந்த வகுப்பில் அவனுக்குப் பெயர் கொட்டா. ஆனால் அவன் திருத்திப் போடவில்லை.

விசாரணையும் போனில்தான். மறுபடி நாடாவைக் கட்டினாள். திரையில் ஒரு பேராசிரியரும் ஒரு மேடமும் தெரிந்தார்கள். தேர்வில் பதிவான சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள். மூடி போட்ட உலை மாதிரி ஒரு முணுமுணுப்பு.

"யாரு சொல்லித் தர்றாங்க? கடையில யாரு இருந்தாங்க?"

"தையல் அக்கா சார். அவங்க பேரையே அவங்க சத்தமா சொல்ல மாட்டாங்க. எனக்கு எங்க விடை சொல்றது? அது என் குரல் சார். கேள்வியத்தான் படிக்கிறேன்."

"பரீட்சையில எதுக்கு வாய் விட்டுப் படிக்கிற?" இது மேடம்.

அவள் தன் பள்ளிக்கூடத்தைச் சொன்னாள். மலையில் ஒரே அறை, ஒரே வாத்தியார், அஞ்சு வகுப்பு. அவர் ஒரு வகுப்புக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கையில் மற்ற நாலு வகுப்பும் அவரவர் பாடத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமலே, எந்த மூலையில் சத்தம் நின்றது என்று அவருக்குத் தெரிந்துவிடும். "அங்க வாய மூடினா அடி வுழும் மேடம். இங்க வாயத் தொறந்தா சிவப்பு வுழுது. நான் எங்க போறது?"

மேடம் சிரித்தார். ஆனால், "மெஷின் அதெல்லாம் பாக்காதும்மா" என்றார். பேராசிரியர் கொஞ்ச நேரம் யாரோடோ பேசிவிட்டு வந்து, அந்த ஒரு தாளை மறுபடி எழுத விடுவதாகச் சொன்னார். "இந்தத் தடவையும் பேச்சுன்னு பதிவானா நாங்க ஒண்ணும் பண்ண முடியாது. வருஷம் போயிடும். வாயை மூடிக்கிட்டு எழுது."

நான் பொத்தான் டப்பாவிலிருந்து ஒரு சட்டைப் பொத்தானை எடுத்துக் கழுவி நீட்டினேன். அவளுக்கு உடனே புரிந்தது. கவ்விக்கொண்டாள். அந்த வாரம் முழுக்க அவள் பொத்தானோடு படித்தாள். கடை அமைதியாக இருந்தது. ஜாக்கெட் கேட்டு வந்த அமிர்தம்மா, "இன்னாடி, அக்கா ஒனக்கும் தொழில் கத்துக் குடுத்துட்டாளா?" என்று கேட்டாள். செவ்வந்தி உதட்டிலிருந்த பொத்தானை விரலால் தொட்டுக் காட்டினாள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் பொத்தானைத் துப்பிவிட்டு, "எழுத்து தெரியுதுக்கா. உள்ள போவ மாட்டேங்குது. கதவாண்ட நிக்கிது" என்றாள்.

போன வியாழக்கிழமை மறுதேர்வு. தலையைப் படிய வாரி, அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தாள். நாடாவைக் கட்டினாள். பொத்தானைக் கவ்வினாள். நான் கடைக் கதவை ஒருக்களித்துவிட்டு மூலையில் உட்கார்ந்துகொண்டேன்.

முதல் கேள்வி திரையில் வந்தது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் வரியின் கடைசிக்குப் போய், மறுபடி முதலுக்கு வந்தது. மறுபடி போனது.

பிறகு பொத்தானை வாயிலிருந்து எடுத்தாள். சட்டை முனையில் துடைத்து, கேமராவுக்குத் தெரிகிற மாதிரி மெஷின் பலகையில் வைத்தாள். தொண்டையைச் செருமினாள். "சார், மேடம், இது செவ்வந்தி. கேள்வி படிக்கிறேன்" என்றாள். முணுமுணுப்பாக இல்லை. தெரு முனையில் நிற்கிறவருக்கும் சொல் சொல்லாகக் கேட்கும்படி முதல் கேள்வியைப் படித்தாள்.

திரையின் மூலையில் சிவப்பு விழுந்தது. அதை அவளும் பார்த்தாள். நாடாவை நெகிழ்த்தி, போனைத் தன் வாய்க்கு இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துக் கட்டினாள்.