ஐந்தாவது விளக்கு

எங்கள் வீட்டு போர்ட்டிகோவில் ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. நிற்பதுதான் அதன் உத்தியோகம். என் கணவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். வருஷத்தில் ஒரு மாதம் அவர் லீவில் வரும்போது அது ஓடும். மிச்ச நாளெல்லாம் உறைக்குள் கிடக்கும். எனக்கும் லைசென்ஸ் உண்டு. ஆனாலும் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் எடுக்கப் பஸ்ஸில்தான் போகிறேன். குலசேகரத்தைத் தாண்டி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. ரோடு என்ற பெயரில் குழிகள். காரை இறக்கினால் அடியில் தட்டும் என்பது கணவரின் கவலை. சேறாகும் என்பது மாமியின் கவலை, அதாவது அவருடைய அம்மாவின் கவலை. என் கவலையை யாரும் கேட்டதில்லை.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் வீடியோ காலில் காருக்குப் பூசை உண்டு. உறையை எடுக்க வேண்டும். ஸ்டார்ட் செய்து ஹார்ன் அடித்து, லைட் போட்டு, ஏசி போட்டு, ஐந்து நிமிஷம் ஓட விட வேண்டும். பிறகு என்ஜினை நிறுத்திவிட்டு பானட்டைத் திறந்து, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று போனை உள்ளே நீட்டிக் காட்ட வேண்டும். அந்த வரிசை மாறக் கூடாது. "நிறுத்திட்டுதான் பானட்டத் தொறக்கணும் கேட்டியா, இல்லேன்னா பெல்ட்டுல சேல மாட்டிரும்," என்று வாராவாரம் சொல்வார். மாமி பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தீபாராதனை பார்ப்பதுபோல் உட்கார்ந்திருப்பார். மூன்று வருஷம் இப்படி. கடைசியில் அவர் சொல்லவே வேண்டாம், என் கை தானாகச் செய்யும்.

போன ஆவணியில் இருந்து கார் இருமத் தொடங்கியது. சாவியைத் திருப்பினால் ஒரு முக்கல், ஒரு முனகல், பிறகுதான் எடுக்கும். ஹார்னின் குரலும் இறங்கிப்போயிருந்தது. பேட்டரி போகிறது என்று எனக்குத் தெரிந்தது. புதிது வாங்கிப் போட்டிருக்கலாம். வாங்கினால் காரணம் சொல்ல வேண்டும். "சும்மா நிக்க வண்டியப் பாத்துக்கிட ஒனக்கு வய்யாதா?" என்ற ஒரு கேள்விக்குப் பயந்துதான், சொன்னால் வெட்கம், நான் வாயைத் திறக்கவில்லை.

என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. போன லீவில் அவர் கொண்டுவந்த கெப்பாசிட்டர் ஸ்டார்ட்டர். செங்கல் அளவு இருக்கும்; சிவப்பும் கறுப்புமாக இரண்டு கவ்விகள். "இதுக்குள்ள பேட்டரியே கிடையாது," என்று பெருமையாகச் சொன்னார். "செத்துக்கிட்டு இருக்க பேட்டரியில மிச்சம் கிடக்கத உறிஞ்சிச் சேத்து வைக்கும். அஞ்சு லைட்டும் எரிஞ்சா சாவியத் திருப்பு. மொத்தத்தையும் ஒரே அடியாக் கொடுக்கும்." நூல்போல வடிகிற குழாயடியில் குடத்தை வைத்து நிறைத்து, ஒரே வீச்சில் ஊற்றுவது போலத்தான். ஊற்றிய பிறகு குடம் காலி. குழாயும் முன்னைவிட மெலிந்திருக்கும்.

அவர் கூப்பிடும் முன்பே அதை மாட்டி ஒருமுறை காரை எழுப்பிவிடுவேன். சூடான என்ஜின் திரையில் சமர்த்தாக எடுக்கும். "பாத்தியா, குதிர மாதிரி நிக்கி," என்பார் அவர். மாமி என்னைப் பார்ப்பார். எல்லாம் தெரியும் அவருக்கு. ஒரு வார்த்தை மகனிடம் சொன்னதில்லை.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. மூன்றாம் நாள் காலை பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள், கரண்டும் இல்லை. அணையைத் திறக்கப் போவதாக மைக் கட்டிய ஆட்டோ ஒன்று சொல்லிக்கொண்டே போனது. எங்களுக்கும் குலசேகரத்துக்கும் நடுவே ஆற்றில் ஒரு சப்பாத்து உண்டு. தாழ்ந்த பாலம், வெள்ளம் வந்தால் பாலத்துக்கு மேலே தண்ணீர் ஓடும். அந்த ஆட்டோவின் சத்தம் ரப்பர் மரங்களுக்குள் தேய்ந்து போகும்போது, அடுக்களையில் மாமியின் கட்டன்காப்பி டம்ளர் கீழே விழுந்தது.

போய்ப் பார்த்தேன். வலது கை தொங்கிக் கிடந்தது. வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. "ஒண்ணுமில்ல, கை மரத்துப் போச்சு," என்று சொல்ல முயன்றார். சொல் குழைந்து வந்தது. இது என்ன என்று எனக்குத் தெரியும். என் அப்பாவுக்கு வந்த பக்கவாதம்தான்.

ஆம்புலன்சுக்குப் போன் போட்டேன். எங்கள் பக்கம் மரம் சாயும் என்பதால் உள்ளே வர முடியாது, சப்பாத்துக்கு அக்கரையில் நிற்கிறோம், தண்ணீர் ஏறும் முன் தாண்டிக் கொண்டுவந்துவிடுங்கள் என்றார்கள். பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர் ஓடி வந்தார். இரண்டு பேருமாக மாமியைத் தூக்கிப் பின் சீட்டில் சாய்த்து வைத்தோம்.

"டீச்சரே, நீங்க வண்டிய எடுத்துட்டு வாங்க. நான் முன்ன ஓடிப்போயி தண்ணி எம்புட்டு கிடக்குன்னு பாக்கேன்," என்று அவர் மழைக்குள் ஓடினார்.

சாவியைத் திருப்பினேன். டிக். அவ்வளவுதான். முக்கல்கூட இல்லை.

பானட்டைத் திறந்து கவ்விகளை மாட்டினேன். முதல் விளக்கு எரிந்தது. இரண்டாவது. அடுத்தது சீக்கிரம் வராதா என்று அந்தச் செங்கல்லை முறைத்துக்கொண்டு நின்றேன். உள்ளே மாமியின் மூச்சு கேட்டது. தூரத்தில், மழைச் சத்தத்துக்கு அடியில், இன்னொரு சத்தமும் கேட்டது. ஆறு இரைகிற சத்தம். அது எங்கள் வீடுவரை கேட்டு நான் அறிந்ததில்லை. ஐந்தாவது விளக்கு எரிய மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். ஓடிப்போய் உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். கார் ஒரு உலுக்கு உலுக்கி எடுத்துவிட்டது.

"எடுத்தாச்சு மாமி!" என்று கத்தினேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. இனி கவ்விகளைக் கழற்ற வேண்டும், பானட்டை மூட வேண்டும், போக வேண்டும். பானட்டுக்குப் போக வேண்டும் என்று நினைத்ததுமே என் கை சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தது.

நான் அணைக்கவில்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன், எனக்கு நானே. மூன்று வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் அணைத்தன என்றும் சொல்லிப் பார்த்திருக்கிறேன். கை என்னுடையது.

திடீரென்று மழைச் சத்தம் மட்டும். பின் சீட்டிலிருந்து மாமி கேட்டார்:

"ஏன் மக்கா நிறுத்துன?"

குழறித்தான் கேட்டார். ஆனால் ஒரு எழுத்து விடாமல் எனக்குப் புரிந்தது.

குடத்தைக் கொட்டிவிட்டேன். மறுபடி நிறைய வேண்டும், அந்தச் செத்த குழாயிலிருந்து. முதல் விளக்கு எரியவே ஒரு யுகம் ஆனது. இரண்டு. மூன்று. மூன்றில் நின்றுவிட்டது. உள்ளே கூரை விளக்கு எரிவதை அப்போதுதான் கண்டேன். டிரைவர் கதவை நான் திறந்து போட்டிருந்தேன். கதவை அறைந்து சாத்தினேன். போர்ட்டிகோ தூணில் தலையை முட்டிக்கொள்ளலாம்போல் இருந்தது. நான்கு. கும்பிடாத சாமியையெல்லாம் கூப்பிட்டேன். மாமி ஏதாவது திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் கண்ணாடிக்குள்ளிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது விளக்கு எரிந்து, கார் இரண்டாம் முறை எடுத்தபோது, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, ஓடுகிற என்ஜினுக்குள்ளேயே கையை விட்டுக் கவ்விகளைப் பிடுங்கினேன். பெல்ட்டில் ஒன்றும் மாட்டவில்லை.

சப்பாத்துக்கு இந்தப் பக்கம் பால்வெட்டுக்காரர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ரோட்டின் நடுவில் நின்றார். அவருக்குப் பின்னால் பாலத்தைக் காணவில்லை. செம்மண் தண்ணீர், அதில் வேரோடு ஒரு வாழை போய்க்கொண்டிருந்தது. அக்கரையில் ஆம்புலன்சின் விளக்கு சுழன்றது.

"தாண்ட முடியாது டீச்சரே! பத்து நிமிசம் முந்தி வந்திருக்கப்பிடாதா? அப்பம் டயரு நனையத அளவுதான் கிடந்து."

பால்வெட்டுக்காரரும் ஏறிக்கொள்ள, மலைப்பக்கமாகச் சுற்றித்தான் போனோம். வழியில் விழுந்து கிடந்த கிளைகளை அவர் இறங்கி இறங்கி இழுத்துப் போட்டார். என்ஜின் நின்றுவிடுமோ என்று நான் ஒரு இடத்திலும் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுக்கவில்லை. மாமி அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், மூளையில் அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி ஒன்று உண்டு, அதற்கான நேரம் கொஞ்சம் தாண்டிவிட்டது என்றார். எவ்வளவு தாண்டியது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

உயிர் பிழைத்தார். வலது பக்கம் வரவில்லை. பேச்சு வரவில்லை.

கணவர் மறுநாளே பறந்து வந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்களிடமெல்லாம் அந்தச் செங்கல்லை எடுத்துக் காட்டினார். "இது மட்டும் இல்லேன்னா எனக்க அம்ம இல்ல," என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். "தனியா நிண்ணு வண்டிய எடுத்திருக்கா பாத்துக்கிடுங்க," என்று என்னையும் புகழ்ந்தார். நான் எல்லோருக்கும் காப்பி கொடுத்தேன். புது பேட்டரி மாட்ட வந்த ஒர்க்‌ஷாப்காரர், ஓட்டாமல் சும்மா ஐந்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்தி நிறுத்தித்தான் பழையது செத்தது, எடுக்கும்போது தின்கிற சார்ஜ் அந்த ஐந்து நிமிஷத்தில் திரும்ப வராது என்றார். கணவர் அதைக் காதில் வாங்கவில்லை. லீவு முடிந்து போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகள் திரும்ப வந்துவிட்டன. மாமியைச் சக்கர நாற்காலியில் வைத்து போர்ட்டிகோவுக்குத் தள்ளிக்கொண்டு வருவேன். போன வாரம் கார் ஓடிக்கொண்டிருக்கும்போது போனை அவர் பக்கம் திருப்பினேன். மாமி இடது கையை மெல்லத் தூக்கினார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, காற்றில் ஒரு சாவியைப் பிடித்தார், திருப்பினார். மறுபடி திருப்பினார். கண் என் மேல் இருந்தது.

போனுக்குள் கணவர் சிரித்தார். "பாத்தியா, அம்மைக்கு வண்டி ஸ்டார்ட் பண்ணணுமாம்!"

கை திரும்பியது எடுக்கிற பக்கம் அல்ல, அணைக்கிற பக்கம்.

"ஆமா," என்றேன்.