குங்குமம் பட்ட பாசிப் பை

கொசுவலைத் துணியில் தைத்த ஒரு சின்னப் பை என் பீரோவில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு மூலையில் மங்கிப்போன சிவப்புக் கறை. அதைத் தைத்தவர் கிழக்கு ஐரோப்பாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த ஒரு நாட்டிலிருந்து வந்த தாவரவியல் விஞ்ஞானி. பூண்டி என்ற மலைக் கிராமத்துப் பெண்கள் அவரை டாக்டரம்மா என்றார்கள், எனக்கும் டாக்டரம்மாதான். நான் அப்போது கொடைக்கானலில் ஓர் அரசு ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பிரிவில் இருந்தேன். இரண்டு அரசுகளும் சேர்ந்து நடத்திய ஆய்வு. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே அளவு வாய்க்கொழுப்பு. வந்த வாரமே ஒட்டிக்கொண்டோம்.

மரத்தில் வளரும் பாசி, காற்றில் வருவதையெல்லாம் பிடித்து வைத்துக்கொள்ளும். அதைக் கழுவிப் பையில் அடைத்து, ஒரு மாதம் வெளியில் தொங்கவிட்டு, பிறகு அமிலத்தில் கரைத்துக் கருவியில் கொடுத்தால் அந்த இடத்துக் காற்றில் எவ்வளவு ஈயம் என்று தெரிந்துவிடும். டாக்டரம்மாவின் ஊருக்கு நடுவே ஈயம் உருக்கும் ஆலை. அவருடைய ஏழு வயது மகன் வாயில் வைத்ததெல்லாம் வெளியே வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தான். அந்த வியாதிக்குக் காரணம் ஈயம் என்று அங்கே வாயைத் திறக்கக் கூடாது. மக்களுடைய ஆலை மக்களைக் கெடுக்குமா என்பார்களாம். நல்ல நியாயம்! அவர் ஊரில் பை கட்டி அளந்து காட்டினார். எல்லா ஊர்க் காற்றிலும் இவ்வளவு இருக்கும் என்று மேலிடம் தள்ளிவிட்டது. ஆலையே இல்லாத இடத்தை அளந்து பக்கத்தில் வைக்கிறேன் பார் என்றுதான் அவர் கொடைக்கானல் இருக்கிற பழனி மலைத்தொடருக்கு வந்தார்.

பூண்டியின் பூண்டு வயல்களுக்கு மேலே, சோலை ஓரத்து மரம் ஒன்றில் பைகளைக் கட்டினோம். ஒரு மாதம் கழித்து அளந்தபோது எனக்குத் தலை சுற்றியது. அவர் ஊரைவிட இங்கே ஈயம் அதிகம்! கருவியைத் திட்டினேன், அமிலத்தை மாற்றினேன், எண் அசையவில்லை. துணியில் இருந்த லேசான சிவப்பை மரச்சாயம் என்று விட்டிருந்தோம். அதுதான் பிறகு உறுத்தியது. இருவரும் பூண்டிக்கு ஓடிப்போய்க் கேட்டால், பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண் வெகுளியாகச் சொன்னாள்: “பிள்ளை வரம் கேட்டு நாங்க அந்த மரத்துலதாம்மா தொட்டில் கட்டுவோம். டாக்டரம்மாவும் பிள்ளைக்குத்தான் கட்டியிருக்காகன்னு நெனச்சோம். அவுக வேண்டுதலும் பலிக்கட்டும்னு வெள்ளனே போயி எல்லாத்துக்கும் பொட்டு வச்சோம். தப்பாங்க?”

டாக்டரம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த அரைகுறைத் தமிழில், “ஆமா, பிள்ளைக்குத்தான்” என்று சொல்லி அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அந்தக் குங்குமத்தை வாங்கிவந்து தனியே அளந்தேன். மட்டமான சரக்கு, ஈயத்தில் செய்த சிவப்புப் பொடி கலந்தது. மழையில் கரைந்து பாசிக்குள் இறங்கியிருக்கிறது. வேறு பை கட்டி அளந்தால் தீர்ந்தது.

ஆனால் அவர் நாட்டிலிருந்து கூட வந்த தூதுக்குழுத் தலைவருக்கு அந்தத் தப்பான எண் தேனாக இனித்தது. பழனி மலைக் காற்றைவிட நம் ஊர்க் காற்று சுத்தம், இதைவிட என்ன வேண்டும், கையெழுத்துப் போடு என்றார். குங்குமக் கதையைச் சொன்னோம், காதிலேயே வாங்கவில்லை. போடாவிட்டால் உனக்கு வேலை இல்லை, இதுதான் கடைசி வெளிநாடு என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். என் அதிகாரியிடமும் காய்கறிக்காரரிடமும் நான் நாள் முழுக்கச் சொல்லிக் கேட்டு, அவர் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் வார்த்தை ஒன்று உண்டு. அதைத்தான் நிமிர்ந்து நின்று சொன்னார்: “மாட்டேன்.” என்ன சொல்கிறாள் என்று தலைவர் என்னைக் கேட்டார். அந்த மொழிபெயர்ப்பைப் போல எதையும் நான் ஆசையாகச் செய்ததில்லை.

மறுநாளே டாக்டரம்மாவைத் திருப்பி அனுப்பினார்கள். போவதற்கு முன் அடம்பிடித்து ஜீப்பைப் பூண்டிக்கு விடச் சொல்லி, வேறொரு மரத்தில் புதுப் பைகளைக் கட்டினார். “ஒருத்தரும் கை வைக்க மாட்டாக, நாங்க பாத்துக்கிடுறோம்” என்றார்கள் அந்தப் பெண்கள். பார்த்தும் கொண்டார்கள். நான் அளந்தபோது ஈயம் இருக்கிறதா என்று தேட வேண்டியிருந்தது. “ரெண்டு கவர்மென்ட் சோலி, உனக்கெதுக்கும்மா வம்பு?” என்றார் என் அதிகாரி. அவரோடு மல்லுக்கட்டி, குங்குமம் உட்பட எல்லாவற்றையும் எங்கள் ஆண்டறிக்கையில் அச்சேற்றி, டாக்டரம்மாவுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். கூட்டு ஆய்வு அத்தோடு நின்றது. டாக்டரம்மாவிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

அந்த ஆட்சி விழுந்து சில ஆண்டுகள் கழித்து, நெடுநெடுவென்று ஒருவர் ஆய்வுக்கூட வாசலில் என்னை விசாரித்து வந்தார். டாக்டரம்மாவின் மகன். வேலை போன அம்மா, எங்கள் அறிக்கையைக் கையால் நகலெடுத்து வீடு வீடாகக் கொடுத்தாராம். கடைசியில் ஊர்த் தாய்மார்கள் ஆலை வாசலில் போய் உட்கார்ந்தார்களாம். ஆலையை மூடிய பிறகுதான் அம்மா கண்ணை மூடினார் என்று சொல்லி, இந்தப் பையை என் கையில் வைத்தார். நான் அவரை ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். இட்லி கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவர் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒருவர் காரில் வந்து என் வீட்டு வாசலில் இறங்கினார். மலையடிவாரத்தில் பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் பட்டறை வைத்திருக்கிறாராம். “மேடம், நீங்க ரிட்டயர்ட் சயின்டிஸ்ட். புகையால கெடுதல் இல்லைன்னு ஒரு சைன் போதுங்க” என்றார். என்ன பதில் சொன்னேன் என்று தனியாக எழுத வேண்டுமா? அவர் போனதும் பீரோவைத் திறந்து, பழைய பையை அளவுக்கு வைத்துப் புதுப் பைகள் தைத்தேன். முழங்கால் வலியோடு அடிவாரத்துக்குப் பஸ் பிடித்தேன். பட்டறைக்கு அருகே வேப்பமரத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது, இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வந்து நின்றாள்.

“என்னம்மா, பிள்ளைக்கு வேண்டுதலா?”

“ஆமா தாயி, பிள்ளைக்குத்தான்” என்றேன். “பொட்டு மட்டும் வச்சிராதே.”