பனி தேடிப் போன படம்

படப்பிடிப்புக்கு ஏற்பாடு செய்கிற வேலை கல்யாண வீட்டுப் பொறுப்பு மாதிரி: சோறு நல்லாயிருந்தால் சமையல்காரனுக்குப் பேர், உப்புக் கூடினால் ஏச்சு நமக்கு. ஊர்க் காரியத்தைத் தலையில் போட்டுக்கொண்டு அலைகிறவர்களே, உங்களுக்கு இது விளங்கும். இலங்கையில் சண்டை முடிந்து கொஞ்சக் காலம். புத்தளத்துத் தில்லையடியில் எனக்கு வாய்த்த டைரக்டர் ரிஸ்வான், எங்கள் கரையிலிருந்து ஒரு வாப்பா நோர்வேக்கு மகனைத் தேடிப் போகிற கதையைக் கொண்டுவந்தார். "பனி கொட்டுற நேரத்திலதான் எடுக்கணும், ஏற்பாட்டப் பாருங்க" என்றார். பனியை நான் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும்தான் கண்டிருக்கிறேன்.

கோட்டு

வாப்பாவாக நடிக்க ரிஸ்வான் பிடித்துவந்தது கண்டக்குழி மீனவர் கலீல் நானாவை. மூத்தவர்களை நாங்கள் நானா என்போம். அவருடைய ஒரே மகன் நிஸார் மெய்யாகவே நோர்வேயில்தான் இருக்கிறான். அகதி வழக்கு முடியாததால் ஊருக்கு வர வழியில்லை. போன நாளில் அவனுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. 'மகன் இரிக்கிற ஊருக்கா?' என்று ஒரேயொரு கேள்விதான் கேட்டார். ஓம் என்றதும் நடிக்கச் சம்மதித்துவிட்டார்.

புத்தளம் டவுனில் பழைய உடுப்புக் கடையொன்றில் தடித்த கம்பளிக் கோட்டு ஒன்று கிடைத்தது. அளவு பார்க்கப் போட்டவர் கழற்றவில்லை. அடுத்த நாள் பார்த்தால் உச்சி வெயிலில், வள்ளத்துக்குப் பக்கத்தில், கோட்டோடு நிற்கிறார், வேர்வை கொட்டுகிறது. மற்ற மீனவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "என்ன நானா, பைத்தியமா?" என்று ஏசினேன். "பழகிக்கிறன் தம்பி. மகன்ட முன்னால நான் நடுங்கிக்கிட்டு நிண்டா அவனுக்கு மனசு உடைஞ்சிடும்."

பக்கத்து ஊர்

செய்தி தில்லையடி முழுக்கப் பரவியது. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடெல்லாம் பொதியோடு என் வாசலுக்கு வந்தது. கருவாடு, மாசித்தூள், ஒரு போத்தல் எலுமிச்சை ஊறுகாய். லண்டனில் இருக்கும் தம்பிக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு தாத்தா, எங்கள் பேச்சில் அக்கா, கொண்டுவந்த பொதியின் மணம் மூன்று வீட்டுக்கு அடித்தது. நாங்கள் போவது லண்டன் இல்லை, வேறு நாடு என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். "எல்லாம் குளிர் ஊர்தானே, ஒருக்கா எட்டிக் குடுத்துட்டு வாங்களே."

அஸருக்குப் பிறகு

எங்கள் ஆட்களுக்கு வேலை நேரமென்றால் தொழுகைக்குக் கூப்பிடும் பாங்குதான். விடியற்காலை சுபஹுக்குப் பிறகு ஒரு காட்சி, அஸருக்குப் பிறகு வெயில் சாய்ந்ததும் இரண்டு காட்சி என்று கற்பிட்டியில் எடுப்பது போலவே நோர்வேக்கும் திட்டம் போட்டேன். அங்கே இடம் பார்த்துத் தந்தவன் நிஸார். திட்டத்தைக் கேட்டவன் போனிலேயே சிரிக்கத் தொடங்கினான். "நானா, இங்க குளிர் காலத்தில லுஹரும் அஸரும் மஃரிபும் ஒண்ட ஒண்டு துரத்திக்கிட்டு வரும், மத்தியானம் தாண்டினா இருட்டுத்தான். அஸருக்குப் பிறகு எடுக்கிறதெண்டா டோர்ச் கொண்டு வாங்க!"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் அவன் சிரிப்பு சட்டென்று நின்றது. "அதெல்லாம் விடுங்க நானா. வாப்பா மெய்யாலுமே வாறாரா?"

ஒத்திகை

விசாவுக்கு முகம் காட்டக் கொழும்புக்குப் போக வேண்டும். அதற்கு முதல் நாள் என் வீட்டு மண்டபத்தில் ரிஸ்வான் அதிகாரி மாதிரிக் கதிரையில் சாய்ந்துகொண்டு கேள்வி கேட்டார். வள்ளம் யாருடையது, வீடு யாருடைய பேரில், எப்போது திரும்பி வருவீர்கள். கலீல் நானா எல்லாவற்றுக்கும் மணிமணியாகப் பதில் சொன்னார்.

"அங்க சொந்தக்காரர் ஆரும் இரிக்கிறாங்களா?" என்ற கேள்வியில்தான் தடக்கினார். மகன் இருக்கிறான் என்றால் அங்கேயே நின்றுவிடுவார் என்று நினைப்பார்களாம், ஆகவே ஒருத்தரும் இல்லை என்று சொல்ல வேண்டுமாம். ரிஸ்வான் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். அவனைப் பார்க்கத்தானே போகிறீர்கள் என்று நானும் தேற்றினேன். "ஹயாத்தோட, உசிரோட இரிக்கிற புள்ளய எப்பிடித் தம்பி இல்லையெண்டு சொல்ற?"

பதில்

கொழும்பில் சொன்னார். விசா கந்தோரிலிருந்து வெளியே வந்து, "சொல்லிட்டன்" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும்போது சிலாபத்தில் வாங்கிக் கொடுத்த தேத்தண்ணி கையிலேயே ஆறிப்போனது. அன்றிலிருந்து நிஸார் கோல் எடுத்தால் போனை மனைவியிடம் நீட்டிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடுவார்.

எல்லாருக்கும் விசா வந்தது, அவருக்கு மட்டும் இல்லை. அல்லாஹ்வே, அதைப் போய்ச் சொல்ல வேண்டிய ஆளும் நான்தானே! கண்டக்குழியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார். கையிலிருந்த ஊசியை நிறுத்தவில்லை. "நான் புள்ள இல்லையெண்டன், அவங்க விசா இல்லையெண்டுட்டாங்க. சரியாப் போச்சி."

உப்பளம்

அவரில்லாமல் படமில்லை. கடைசியில் புத்தளம் உப்பளத்திலேயே எடுக்க முடிவானது. உப்புக் குவியலைப் பள்ளத்திலிருந்து கமராவில் பார்த்தால் பனிமலைதான், நானே ஏமாந்துபோனேன். வெயிலும் உப்பும் சேர்ந்து கண்ணைக் குத்தின. மகனாகக் கற்பிட்டி வாத்தியார் ஒருவர் தூரத்தில் முதுகு காட்டி நின்றார். வாப்பா அவரைக் கண்டதும், "மகன்!" என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

கமரா ஓடியது. கலீல் நானா கோட்டோடு இரண்டடி நடந்தார், வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. இன்னொரு தரம் எடுத்தோம். அப்போதும் அப்படியே, உதடு மட்டும் துடித்தது. ரிஸ்வான் கமராவுக்குப் பின்னாலிருந்து கத்தினார். நான் தண்ணீரோடு ஓடினேன். குடிக்கவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டார். "இல்லையெண்டு சொன்ன வாய் தம்பி இது. கூப்பிட வருதில்ல."

அந்தக் காட்சியைச் சத்தமில்லாமலேயே படத்தில் வைத்தோம், பார்த்தவர்களெல்லாம் நடிப்பென்றால் இதுவல்லவா நடிப்பு என்று கைதட்டினார்கள், நல்ல ஏற்பாடு என்று என்னையும் இரண்டு பேர் முதுகில் தட்டிவிட்டுப் போனார்கள்.